மண் பாதை யாருக்கு?

விடுமுறை நாளில் ஏரிக்கரைக்கும் காட்டோரத்துக்கும் கிளம்பும் பைக்குகளையும் ஜீப்புகளையும் என்ன செய்யலாம்? தடை போட்டால் தீராது. கண்டும் காணாமல் விட்டால் கரை தாங்காது.

மேற்குச் சென்னை வண்டிகளின் வட்டாரம். பாடியில் சக்கரமும் பிரேக்கும் செய்கிறார்கள். ஆவடியில் ராணுவ டாங்கி செய்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனையோ பட்டறைகள் ஏதோ ஒரு வண்டிக்கு ஏதோ ஒரு பாகத்தைக் கடைந்துகொண்டிருக்கின்றன. பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள். இப்படிப்பட்ட இடத்தில் வண்டி மேல் ஆசை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஆசை இப்போது தார் ரோட்டை விட்டுக் கீழே இறங்கியிருப்பதுதான் புதிது. 2016-ல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் பைக் வந்தது. 2019-ல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ், 2020-ல் மஹிந்திராவின் புதிய தார் ஜீப், 2023-ல் மாருதியின் ஜிம்னி. ஒரு காலத்தில் ராணுவமும் வனத்துறையும் மலைத்தோட்ட முதலாளிகளும் மட்டுமே வைத்திருந்த கரடுமுரடுப் பாதை வண்டி இன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் மாதத் தவணையில் நிற்கிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை வந்துவிட்டது. நெமிலிச்சேரியில் அதில் ஏறினாலோ, சி.டி.எச். ரோடு எனப்படும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையிலேயே நேராகப் போனாலோ, காலை டிபனுக்கு முன்பே ஏதாவது ஒரு ஏரிக்கரையையோ செம்மண் பாதையையோ பிடித்துவிடலாம்.

இதில் தப்பு என்ன என்று கேட்கலாம். போவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மண் பாதையில் வண்டி ஓட்டுவது என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று பயணம்: ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு, இருக்கிற தடத்திலேயே, அங்கே வாழ்பவர்கள் போகிற வேகத்தில் போய்ச் சேர்வது. இன்னொன்று விளையாட்டு: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவது, சேற்றில் சக்கரத்தைச் சுழலவிடுவது, வறண்ட ஏரிக்குள் வட்டமடிப்பது. பயணத்துக்கு ஊர்ப் பாதை போதும். விளையாட்டுக்குத் தனி மைதானம் வேண்டும். சட்டம், அரசாங்கம், ஊர்மக்கள், வண்டிக்காரர்கள் என எல்லாத் தரப்பும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஒரு பக்கம் முழுத் தடையும் மறு பக்கம் முழு அலட்சியமும் மாறி மாறி நடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பிரச்சினையின் பெரும்பகுதி தானாக அவிழும்.

எடையைவிடச் சுழற்சி பெரிது

ஆவடியில் வடிவமைத்து ஆவடியிலேயே செய்யப்படும் அர்ஜுன் டாங்கியின் எடை சுமார் 58 டன். அகலமான இரும்புச் சங்கிலிப் பட்டைகளில் அந்த எடை பரவுவதால், தரையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் கிடைக்கும் அழுத்தம் ஒரு கிலோவுக்கும் குறைவு. 32 பி.எஸ்.ஐ. காற்றடித்த பைக் டயர் கெட்டித் தரையில் கொடுக்கும் அழுத்தமோ ஏறத்தாழ இரண்டே கால் கிலோ. கரடுமுரடுப் பாதையில் அனுபவசாலிகள் டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவதும், தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் ஏற்றிக்கொள்வதும் இதனால்தான். காற்று குறைந்தால் டயர் பரந்து பதியும், பிடி கிடைக்கும், மண்ணும் குறைவாகவே கிழியும். என் வண்டி சின்ன வண்டி, அதனால் என்ன கெட்டுவிடும் என்ற வாதம் இந்த ஒரு கணக்கிலேயே உடைந்துவிடுகிறது.

அழுத்தத்தைவிடப் பெரிய சேதம் சுழற்சியால் வருகிறது. உருண்டு போகும் சக்கரம் மண்ணை அழுத்திவிட்டுப் போய்விடும். வழுக்கிச் சுழலும் சக்கரம் மண்ணைத் தோண்டி எறியும். அதுவும் ஈர மண்ணில் நடப்பது என்ன என்பதைத் திருவள்ளூர் விவசாயிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நடவுக்கு முன்னால் டிராக்டரில் கேஜ் வீல் மாட்டி வயலில் சேடை ஓட்டுவது எதற்கு? மண்ணைத் தண்ணீரோடு சேர்த்துக் குழப்பினால் அதன் இடைவெளிகள் அடைபட்டு, ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். நெல்லுக்கு அதுதான் வேண்டும். மழை பெய்த மறுநாள் பத்து பைக்குகள் ஒரு வண்டிப்பாதையில் சேறு தெறிக்க விளையாடிவிட்டுப் போனால் அந்தப் பாதைக்கும் சேடை ஓட்டியாகிவிட்டது என்று பொருள். அன்று முதல் அங்கே தண்ணீர் நிற்கும். பால் கேனோடு சைக்கிளில் வருகிறவர் அந்தப் பள்ளத்தைச் சுற்றிப் பக்கத்து வரப்பில் ஏறுவார். அடுத்த மழைக்குள் பாதை இரண்டு மடங்கு அகலமாகி, பாதி பயனில்லாமல் போயிருக்கும். காய்ந்த நாளில் அதே பாதையில் அதே பைக்குகள் நிதானமாகப் போயிருந்தால் ஒரு வாரத்தில் தடமே தெரிந்திருக்காது. ஆகவே மண் பாதைப் பொறுப்பின் முதல் விதி வேகத்தைப் பற்றியதோ சத்தத்தைப் பற்றியதோ இல்லை. ஈரத்தைப் பற்றியது. இறங்கி நின்று குதிகாலை ஊன்றிப் பார்க்க வேண்டும். செருப்புத் தடம் ஆழமாகப் பதிந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும்.

கரை என்பது பாதை இல்லை

வட தமிழ்நாட்டில் இந்த விதிக்குக் கூடுதல் கனம் உண்டு. நமது மண் பாதைகளில் கணிசமானவை பாதைக்காகப் போடப்பட்டவையே இல்லை, அவை ஏரிக்கரைகள். பூந்தமல்லிக்கு அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரி முழுக்க நிரம்பினால் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி தண்ணீர். 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இந்தப் பெரிய நீர்த்தேக்கங்களுக்காவது காவலும் கண்காணிப்பும் இருக்கின்றன. ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் ஊத்துக்கோட்டைக்கும் இடையே சிதறிக் கிடக்கும் சின்ன ஏரிகளுக்குக் கரை என்றால் வெறும் மண் மேடு. அதைப் பிடித்து வைத்திருப்பது புல்லும் வேரும்தான். கரையின் பக்கச் சரிவில் ஒரு பைக் ஏறி இறங்கிப் பழகினால் புல் போய்விடும், சக்கரம் போன வழி வாய்க்காலாகும். ஐப்பசி மழையில் கரை மேல் விழும் தண்ணீர் எல்லாம் பரவலாக வழியாமல் அந்த ஒரு தடத்தைத் தேடி வந்து இறங்கும், இறங்கும்போதே அரிக்கும். கரை உடைவது பெரும்பாலும் இப்படி ஒரு சின்ன அரிப்பில் தொடங்கும் கதைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்கு மேலே இருக்கிற ஏரிகளின் கரை உறுதி எவ்வளவு முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை.

கரைக்கு உள்ளே, கோடையில் வறண்டு கிடக்கும் ஏரிப் பரப்பு இன்னும் ஆசை காட்டும். பரந்த வெளி, எதிரே வண்டி வராது, கேட்க ஆள் கிடையாது. ஆனால் அது வெற்று வெளியும் இல்லை, பாதுகாப்பான வெளியும் இல்லை. சவுடு மண் அள்ளிய ஏரிகளில் ஆளுயரத்துக்கும் மேலான குழிகள் இருக்கின்றன. கொஞ்சம் தண்ணீர் தேங்கினாலே அவற்றின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. பாதையோரங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறுகள் புதருக்குள் மறைந்திருக்கும். கோடையில் அந்தத் தரையில்தான் ஆள்காட்டிக் குருவி முட்டையிடுகிறது. கூடு என்று அது கட்டுவதே இல்லை. சரளைக்கு நடுவே கையளவு பள்ளம், அதில் பெரும்பாலும் நான்கு முட்டை, கூர் முனைகள் உள்நோக்கி, சுற்றியிருக்கும் கல்லோடு கல்லாகத் தெரியும் பழுப்பும் கருப்புமான புள்ளிகள். நடந்து போகிறவருக்கே சட்டென்று புலப்படாது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடிக்கிறவருக்குப் புலப்பட வழியே இல்லை.

பூண்டிப் பக்கம் போனால் தரைக்கு இன்னொரு மதிப்பும் சேர்ந்துகொள்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ஆண்டில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கண்டுபிடிக்கப்பட்டன. சாந்தி பப்பு தலைமையிலான ஆய்வாளர்கள் அங்கே அகழாய்வு செய்து, மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் வெளியிட்டார்கள். இந்த வட்டாரத்தின் செந்நிறச் சரளையிலும் ஓடைச் சரிவுகளிலும் இன்றும் கற்கருவிகள் மேலாகவே கிடக்கின்றன. ஒரு கல் எந்த அடுக்கில் இருந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும் சாட்சி. ஓடைச் சரிவைச் சவாலாக நினைத்து ஏறும் சக்கரம் அந்தச் சாட்சியைக் கலைத்துவிட்டுப் போய்விடும்; கலைத்தவருக்கே அது தெரியாது.

சட்டம் ஏற்கெனவே சொல்வது

மண் ரோட்டில் சட்டம் கிடையாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை நேர்மாறானது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ‘பொது இடம்’ என்று சொல்லும்போது தார் போட்டதா என்று பார்ப்பதில்லை. பொதுமக்களுக்குப் போக உரிமையுள்ள எந்த வழியும் பொது இடம்தான். ஆகவே லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் ஏரிக்கரையிலும் வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை ‘கிராமத்து ரோடுதானே’ என்று ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ வரலாம். 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக் ஆலையிலிருந்து வெளிவரும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. சைலன்சரைக் கழற்றி மாற்றி மாடு மிரள ஓட்டுவது, ஒலி மற்றும் புகைக் கட்டுப்பாட்டை மீறிய குற்றம்; அதற்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பயணத்தையும் விளையாட்டையும் பிரிக்கும் கோடும் இதே சட்டத்தில் இருக்கிறது. மாநில அரசின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகப் போட்டியோ நடத்தக் கூடாது என்கிறது 189-வது பிரிவு. பாதை எல்லோருக்கும் பொது என்றால் அதில் போவதற்கு எல்லோருக்கும் உரிமை என்றுதான் பொருள்; அதைக் களமாக்கிக்கொள்ள எவருக்கும் உரிமை வந்துவிடாது. வண்டி இன்ஷூரன்ஸ் பாலிசிகளும் வழக்கமாகப் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொறுப்பேற்பதில்லை. காப்புக்காட்டின் நிலை இன்னும் தெளிவு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகளையே கொண்டுவந்தது. கால்நடையாகப் போகிறவருக்கே அனுமதி தேவைப்படும் காட்டுக்குள், எஞ்சினோடு போகிறவருக்குத் தேவையில்லை என்று நினைப்பது எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

எதிர்வாதங்கள்

இதற்கு வண்டிக்காரர்கள் வைக்கும் முதல் மறுப்பு வலுவானது. சவுடு மண்ணும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் கிராமப் பாதைகளை நாள்தோறும் நசுக்கும்போது, வாரத்துக்கு ஒரு நாள் வரும் பைக்குகளைப் பற்றி மட்டும் ஏன் பேசவேண்டும்? பாதைச் சேதத்தைக் கிலோகிராமில் அளந்தால் டிப்பரின் பங்குதான் பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் டிப்பருக்குப் பர்மிட் உண்டு, குவாரிக்கு உரிமம் உண்டு. அவற்றை மீறினால் கேள்வி கேட்க ஓர் அலுவலகமாவது இருக்கிறது, அது கேட்காமல் இருப்பது தனிக் குற்றம். மேலும் டிப்பர் தனக்கு லாபம் இல்லாத இடத்துக்குப் போகாது. கரையின் சரிவு, மேய்க்கால் புறம்போக்கு, கலங்கலின் தாழ்ந்த பகுதி, ஓடையின் மேடு போன்ற இடங்களுக்குப் பொழுதுபோக்கு வண்டி மட்டுமே போகிறது. அங்கே நடக்கும் சேதத்துக்கு டிப்பரைக் கைகாட்ட முடியாது.

ஊர்க்காரர்களே கரை மேல்தானே பைக் ஓட்டுகிறார்கள் என்பது அடுத்த மறுப்பு. ஓட்டுகிறார்கள், ஆனால் அவர்கள் ஓட்டுவது பயணம். எந்தப் பக்கம் வழுக்கும், மதகு எங்கே இருக்கிறது, எந்த வாரம் கரையில் ஏறக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். கரை கெட்டால் தண்ணீர் இல்லாமல் போவது அவர்கள் வயலுக்குத்தான் என்பதும் தெரியும். பயன்படுத்துகிறவரே பராமரிக்கவும் வேண்டும் என்ற குடிமராமத்து மரபு இந்த மண்ணில் பழையது. அதைச் சட்டத்தால் கட்டாயமாக்க 1858-லேயே ஆங்கில அரசு முயன்றது; 2017-ல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. வெளியூர் வண்டிக்காரருக்கு இந்த மரபில் இடம் வேண்டுமென்றால் உரிமையோடு சேர்த்துக் கடமையிலும் பங்கெடுக்க வேண்டும். கோடையில் ஒரு நாள் மண்வெட்டியோடு வந்து, தாங்கள் ஓட்டிய பாதையின் பள்ளத்தைச் சரளை கொட்டி நிரப்பும் பைக் கிளப்பை எந்த ஊரும் விரட்டாது.

மூன்றாவது மறுப்பைச் சமூக அக்கறையோடு சொல்கிறவர்கள் உண்டு. கிராமப் பாதையை மூடினால் இளைஞர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். நள்ளிரவில் நகரச் சாலைகளில் ரேஸ் விடுவார்கள், அது உயிரைக் குடிக்கும் என்கிறார்கள். இது சரி. தனி மைதானம் வேண்டும் என்ற வாதத்துக்கு வலுச் சேர்ப்பதே இந்த மறுப்புத்தான். சென்னை இதில் அனுபவம் இல்லாத நகரமும் இல்லை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முதலில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. பிறகு பூந்தமல்லியிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று களம் அமைத்துக்கொண்டது. பொதுச் சாலையிலிருந்து பந்தயத்தைப் பிரித்து வேலிக்குள் கொண்டுவந்த வரலாறு நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடத்த முடிந்த அரசுக்கு, மாதத் தவணை கட்டி பைக் வாங்கிய ஆவடிப் பையனுக்கு ஒரு மண் மைதானம் ஒதுக்குவது முடியாத காரியம் இல்லை.

எங்களால்தான் டீக்கடைக்கும் இளநீர்க் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் வியாபாரம் என்று வண்டிக்காரர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் வண்டியை நிறுத்தி இறங்குகிறவரால்தான் வியாபாரம். புழுதி கிளப்பிக்கொண்டு கடந்து போகிறவரால் கீரைப் பாத்தியில் தூசிதான் படிகிறது. வேகம் கூடக் கூடத் தூசியும் கூடும். வயலோரத்தில் இருபதுக்கு மேல் போகாதிருப்பதும், மாட்டு மந்தை வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதும் ஊரோடு உறவு வைத்துக்கொள்ளும் வழி. அதற்குச் செலவும் கிடையாது.

செய்யக்கூடியவை

உலகத்தில் இந்தச் சிக்கலைச் சந்தித்த முதல் நாடு நாம் இல்லை. அமெரிக்காவில் 1972-ல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணை, அரசு நிலங்களில் எந்தப் பகுதியில், எந்தத் தடத்தில் இத்தகைய வண்டிகள் போகலாம், எங்கே போகக் கூடாது என்று பிரித்து அறிவிக்கச் சொன்னது. 1977-ல் அதிபர் கார்ட்டர் அதைத் திருத்தி, மண்ணுக்கோ உயிரினங்களுக்கோ கணிசமான சேதம் நேர்கிறது என்று தெரிந்தால் அந்தப் பகுதியை உடனே மூட வழி செய்தார். நமது சூழலுக்கு அந்த ஆணையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே பரந்து கிடக்கும் அரசு நிலம் இங்கே இல்லை. ஆனால் இடத்தைப் பிரி, காலத்தைப் பிரி என்ற அடிப்படை இங்கும் செல்லும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, இணையத்தில் முன்பதிவு, கட்டணம், உள்ளூர் வழிகாட்டி என்று ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. பூண்டிக்கு அருகே உள்ள குடியம் குகைப் பாதையும் அவற்றில் ஒன்று. நடப்பவர்களுக்குச் செய்ததை வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அளவாகச் செய்யலாம். திருவள்ளூர் மாவட்ட நிர்வாகமும் நீர்வளத் துறையும் வனத்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால், வருவாய்ப் பதிவேட்டில் வண்டிப்பாதை என்று இருப்பவை எவை, ஏரிக்கரை எவை, காப்புக்காடு எது என்று பிரித்து ஒரு வரைபடம் வெளியிட முடியும். வண்டிப்பாதையில் பயணத்துக்குத் தடை இருக்கக் கூடாது. கரையில் ஊர்த் தேவைக்கு மட்டும் அனுமதி. அதற்குப் பைக்கும் மாடும் நுழைந்து ஜீப் நுழையாத இடைவெளியில் இரண்டு கல் நட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழுதுபோக்கு ஓட்டத்துக்கு முழு விடுமுறை. விளையாட்டுக்கு, நீர்நிலையோ மேய்ச்சலோ இல்லாத தரிசு நிலத்தில் வேலி போட்ட ஒன்றிரண்டு மைதானங்கள். நடத்துவது பதிவு பெற்ற கிளப்புகள், கட்டணத்தில் பங்கு ஊராட்சிக்கு, ஆம்புலன்ஸும் முதலுதவியும் கட்டாயம்.

யார் காவல் காப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆவடிக்கு 2022 முதல் தனிக் காவல் ஆணையரகம் இருந்தாலும் ஒவ்வோர் ஏரிக்கரைக்கும் போலீஸ்காரரை நிறுத்த முடியாது; நிறுத்தவும் தேவையில்லை. எது பாதை, எது மைதானம், எந்த மாதம் மூடல் என்பது எழுதி வைக்கப்பட்டால், மீறுகிறவரைத் தடுக்க ஊருக்கு ஒரு பிடி கிடைக்கும், ஒழுங்காக ஓட்டுகிறவருக்கும் பதில் சொல்ல ஒரு காகிதம் கிடைக்கும். இன்று இரண்டும் இல்லாததால்தான் எல்லா வண்டியும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது, எந்த வண்டியும் கேள்வி கேட்கப்படுவதில்லை. இதைத் தொடங்க மாநிலக் கொள்கை வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று மழைக்கு முன்னால் இரண்டு கிராம சபைக் கூட்டங்கள் வருகின்றன. எங்கள் ஏரிக்கரையில் மழைக்காலத்தில் பொழுதுபோக்கு வண்டி வேண்டாம், எங்கள் வண்டிப்பாதையில் வருகிறவர் தாராளமாக வரலாம் என்று இரண்டு வரித் தீர்மானம் போட எந்த ஊராட்சிக்கும் ஒரு மணி நேரம் போதும். அந்தக் கூட்டத்துக்குப் பைக் கிளப்புகள் தாமாகவே போய் உட்கார்ந்தால், தடைக்கு முன்பே ஒப்பந்தம் வந்துவிடும்.